ரீஷாவின் எட்டில் ஒரு பங்கு

மாதபா
9 அக்டோபர் 2016

என் இல்யாஸுக்கு,

உனக்கும் ஹெல்காவுக்கும் குட்டி மரியமுக்கும் ஆண்டவரின் சமாதானம். முழங்காலைத் தவிர நான் நலம். முழங்காலுக்கு எழுபத்து நான்கு வயது ஆகிறது, அதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. உன் ஆகஸ்ட் கடிதத்தில் தேதி இல்லை. தபால் முத்திரையைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். இனிமேல் அந்த வேலையை எனக்குக் கொடுக்காதே.

ஒலிவப்பழப் பறிப்பு முடிந்தது. எண்ணெய் போன ஆண்டைவிடக் குறைவு, ஆனால் மணம் நன்றாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை உம்முர் ரஸாஸிலிருந்து அபூ மிஷால் வந்தார். உன் பெரியப்பா போன பிறகு இந்த இரண்டு ஆண்டில் அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. காப்பி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார். அப்படி வைத்தால் கேட்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"உம்மு இல்யாஸ், ரீஷா அடுத்து போடுற குட்டில ஒண்ணு எனக்கு வேணும். ஆண் நாய் என்னோடதையே கொண்டு வரேன்" என்றார்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "குடிங்க, அபூ மிஷால். கேட்டது கிடைச்சாச்சு" என்றேன். குடித்தார்.

ஏன் யோசிக்கவில்லை என்று உனக்குத் தெரியும். ஸலூக்கி வேட்டை நாயை யாரும் விற்பதில்லை, கேட்டவருக்குக் கொடுப்பதுதான் மரியாதை. அப்படி இருக்க, உன் பெரியப்பா கடைசிப் பதினாறு ஆண்டில் ஒருவருக்கும் ஒரு குட்டிகூடக் கொடுக்கவில்லை. நல்ல மனிதர், ஏழைகளுக்கு எண்ணெயும் கோதுமையும் அள்ளிக் கொடுத்தவர், நாய்க்குட்டி என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊர் அவரைக் கஞ்சன் என்றது. அந்தச் சொல்லை நான் அவர் கல்லறைவரை சுமந்துபோனேன். இந்த ஒரு குட்டியை என் கையால் கொடுத்து அதைத் துடைத்துவிடப் போகிறேன்.

இன்று காலை திருப்பலி முடிந்து வெளியே வரும்போது ஜிர்யஸ் மறித்துக்கொண்டான். உன் பெரியப்பாவின் சித்தப்பா மகன்தான். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவனுக்கு நாய்ப் பைத்தியம் பிடித்திருக்கிறது. வளைகுடாவிலிருந்து சுல்தான் என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

"அண்ணி, குட்டி குடுக்கப் போறீங்களாமே! ஊரு அண்ணனைக் கஞ்சன்னு சொல்லுது, நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல. குட்டில ஏதோ கோளாறு இருந்திருக்கும். பாவம், மனுஷன் மூடி மறைச்சிட்டாரு."

பத்துப் பேர் காது கேட்கச் சொன்னான். "உன் சுல்தானோட அம்மா பேரு என்னடா?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் என் மனம் ஆறவில்லை.

குட்டியைக் கொடுக்கும்போது தாய், தாயின் தாய் என்று பெயர் சொல்லி, கலப்பில்லை, கடவுள் சாட்சி என்று நான் வாயால் சொல்ல வேண்டும். சொல்வேன். ஆனால் என் வாய்ச்சொல்லோடு ஒரு காகிதமும் இருந்தால் ஜிர்யஸின் வாய் அடங்கும். உன் மாடிவீட்டு அம்மாள் பஞ்சுக்குச்சியால் தன் நாயின் கன்னத்தைத் தேய்த்து அனுப்பி, அதன் பூட்டன்வரை தெரிந்துகொண்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்த டி.என்.ஏ. சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி அனுப்பு.

உன் பெரியம்மா,
ரஹீல்


காஸல்
20 நவம்பர் 2016

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் மூவரும் சுகம். மரியமுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பதில் எழுதத் தாமதம், மன்னியுங்கள். தொழிற்சாலையில் ஆண்டுக் கடைசி நெருக்கடி.

அந்தப் பெட்டியைப் பற்றி விசாரித்தேன். அது இங்கே பதிவு பெற்ற நாய்களுக்குத்தான் சரியாக வேலை செய்யும் என்கிறார்கள். எல்லை தாண்டி அனுப்பினால் சுங்கத்தில் பிடித்து வைப்பார்களாம். மேலும் பெரியம்மா, அபூ மிஷாலுக்கு உங்கள் வார்த்தை போதும். அவர் காகிதம் கேட்கவில்லையே. ஜிர்யஸ் சித்தப்பா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்த குட்டி என்றில்லாமல் வேறு ஏதாவது பரிசு கொடுக்க முடியாதா? ஒரு நல்ல சேணம், அல்லது ஆட்டுக்கிடா?

ரீஷாவுக்கு என் அன்பு.

உங்கள்
இல்யாஸ்


மாதபா
4 டிசம்பர் 2016

இல்யாஸ்,

சமாதானம். மரியமின் பல் நல்லபடியாக முளைக்கட்டும். விழுந்த பல்லைச் சூரியனை நோக்கி எறிந்தாளா? எறியச் சொல்.

ஆட்டுக்கிடாவா? முந்நூறு ஆடு வைத்திருப்பவருக்கு நான் கிடா கொடுப்பதா? அவர் கோப்பையைக் கீழே வைத்து ஒன்றைக் கேட்டார், நான் குடிக்கச் சொன்னேன், அவரும் குடித்தார். குடித்த காப்பியைத் திருப்பி வாங்கும் வழி உங்கள் ஜெர்மனியில் இருந்தால் எழுது.

சுங்கத்தைப் பற்றி நீ சொன்னது சரியல்ல. மருந்துக் கடைக்காரரின் மகள் அதே மாதிரிப் பெட்டியை பிரான்சிலிருந்து வரவழைத்துத் தன் பூனையைச் சோதித்தாள். ஒன்பது நாளில் வந்து சேர்ந்தது. பூனைக்கே வருகிறது.

முப்பத்திரண்டு ஆண்டு கன்னியர் மடத்துப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும். பெட்டியை அனுப்பு.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். நெய்யில் செய்த பேரீச்சம்பழ மாமூல் பலகாரம் ஒரு டப்பா தனியே அனுப்பியிருக்கிறேன்.

ரஹீல்


காஸல்
15 ஜனவரி 2017

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

சுகமா? மாமூல் வந்தது, இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. ஹெல்கா நன்றி சொல்லச் சொன்னாள்.

பெட்டி இத்துடன் வருகிறது. அதில் இரண்டு நாய்களுக்கான குச்சிகள் இருக்கும். தேய்ப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் நாய்க்கு எதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணீரைத் தவிர. வேறு நாயோடு ஒரே பாத்திரத்தில் வாய் வைத்திருக்கக் கூடாது. கன்னத்தின் உட்புறம் அரை நிமிடம். பிறகு காற்றில் உலர்த்தி உறையில் போட வேண்டும்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

இல்யாஸ்


மாதபா
12 பிப்ரவரி 2017

என் இல்யாஸ்,

உங்கள் வீட்டில் எல்லாரும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே போன வாரம் பனி விழுந்தது, தண்ணீர்க் குழாய் ஒன்று வெடித்தது, நான் வெடிக்கவில்லை.

உன் கடிதம் தந்தி போல இருந்தது. பரவாயில்லை, பெட்டி வந்துவிட்டது.

நேற்று அந்தக் காரியம் முடிந்தது. ரீஷாவுக்கு முந்தின நாளிலிருந்து தனிப் பாத்திரம். காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை பட்டினி. சுவர்க் கடிகாரத்தை வைத்து முப்பது வினாடி எண்ணினேன். ரீஷா பொறுமையாக நின்றாள், கடைசியில் மட்டும், இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள். உன் பெரியப்பா வரி அலுவலகக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது இப்படித்தான் பார்ப்பார்.

இரண்டாவது குச்சி வீணாகக் கூடாதே என்று ஜிர்யஸிடம் சொல்லி அனுப்பினேன். சுல்தானைக் காரின் முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்தான்.

"பாருங்க அண்ணி, நல்லாப் பாருங்க! சுத்தம்னா என்னன்னு உங்க காகிதக்காரங்க இதுலதான் கத்துக்கணும்."

"வாயை மூடு" என்றேன்.

"நாயையா சொல்றீங்க, என்னையா?"

"தேய்க்கிறதுக்கு நாய் திறக்கணும். மீதி உனக்கு."

இரண்டு உறைகளிலும் பெயர் எழுதி இன்று தபாலில் சேர்த்தேன்.

இன்னொரு செய்தி. ஜனவரியில் ரீஷாவுக்குப் பருவம் வந்தது. கொட்டகையில் அடைத்து, சாவியை என் கழுத்துச் சிலுவையோடு கோத்துப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு நாள் காவல் காத்தேன். வெளியே காதறுத்த மேய்ப்பன் நாய்கள் இரண்டு வந்து உட்கார்ந்துகொண்டு என்னை மாமியாரைப் பார்ப்பதுபோல் பார்த்தன. வாளித் தண்ணீரால் பதில் சொன்னேன். பிறகு அபூ மிஷால் தன் ஆண் நாயைக் கொண்டு வந்தார். எல்லாம் முறைப்படி. மார்ச் கடைசியில் குட்டிகள்.

இவ்வளவு காவல் எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் அசந்தால் நூறு வருஷத்துப் பெயர் போய்விடும்.

ரஹீல்


காஸல்
26 மார்ச் 2017

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

தவக்காலத்தில் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். உபவாசம் இருக்கிறேன் என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள். நாங்கள் நலம்.

குச்சிகள் வந்து சேர்ந்தன, ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். அங்கே கூட்டம் அதிகமாம். எப்போது முடிவு வரும் என்று சொல்ல முடியாது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். குட்டியைக் கொடுக்கும்போது அந்த உறுதிமொழியைச் சொல்லியே ஆக வேண்டுமா? சொல்லாமல் கொடுக்க வழி உண்டா? அபூ மிஷால் பழைய சிநேகிதர்தானே.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பல தடவை படித்தேன்.

இல்யாஸ்


மாதபா
20 ஏப்ரல் 2017

இல்யாஸ்,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உங்கள் மூவருக்கும். இந்த ஆண்டு எல்லாச் சபைக்கும் ஒரே நாளில் ஈஸ்டர் வந்ததால் ஊர் முழுக்க ஒரே மணியோசை. மாத்திரை சாப்பிடுகிறேன்.

மார்ச் 27ஆம் தேதி ரீஷா நான்கு குட்டி போட்டாள். மூன்று பெண், ஒரு ஆண். தாயும் குட்டிகளும் சுகம். பெண்ணில் ஒன்று பால் நிறம், காதோரம் மட்டும் தேன். கண் திறந்த நாளிலிருந்து அது என் செருப்பைக் கடித்து இழுக்கிறது. அதைத்தான் அபூ மிஷாலுக்கு என்று வைத்திருக்கிறேன், மனம் வரவில்லை, அதனால்தான் அதையே வைத்திருக்கிறேன். பிடிக்காததைக் கொடுப்பது கொடுப்பதாகாது.

ஜூன் பத்தாம் தேதி அவர் வருகிறார்.

உன் கேள்விக்குப் பதில்: உறுதிமொழி சொல்லாமல் கொடுத்தால் அது ஸலூக்கி அல்ல, சும்மா ஒரு நாய். அவர் வேட்டைக்குக் கூட்டிப்போகும் இடத்தில் நான்கு பேர் "இது யார் வீட்டுக் குட்டி?" என்று கேட்பார்கள். அவர் உன் பெரியப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்காகத்தான் இவ்வளவும்.

இது உனக்குத் தெரியாததா? இந்த வீட்டில் வளர்ந்தவன்தானே. பெற்ற பிள்ளை இல்லாத எங்களை ஊர் உன் பெயரால், இல்யாஸின் அம்மா, இல்யாஸின் அப்பா என்றுதானே கூப்பிட்டது.

மருந்துக் கடைக்காரரின் மகள் பூனைக்கு ஐந்து வாரத்தில் முடிவு வந்தது. உனக்கும் வந்திருக்கும். அனுப்பு.

ரஹீல்


காஸல்
2 மே 2017

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

முடிவு இத்துடன் இருக்கிறது. மார்ச்சிலேயே வந்துவிட்டது. அனுப்பாமல் வைத்திருந்தது என் தவறு. ஜெர்மன் மொழியில் இருப்பதால் கீழே எழுதுகிறேன்:

ரீஷா: நூற்றுக்கு எண்பத்தெட்டு ஸலூக்கி. பன்னிரண்டு, மத்தியக் கிழக்கு ஊர் நாய்.

சுல்தான்: எழுபத்தைந்து ஸலூக்கி. இருபத்தைந்து கிரேஹவுண்ட்.

இயந்திரங்கள் தவறு செய்யக்கூடும் என்று அந்தக் காகிதத்திலேயே சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பாத்திரத்தில் வேறு நாய் வாய் வைத்திருக்கலாம். மறுபடி ஒருமுறை சோதிக்கலாம். அதுவரை யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்.

இல்யாஸ்


மாதபா
10 மே 2017

இல்யாஸ்,

நான் நலம். நீயும் நலமென்று நம்புகிறேன்.

பாத்திரத்தில் வேறு நாய் வாய் வைக்கவில்லை. என் கடிகாரமும் தப்பாக ஓடவில்லை. மறு சோதனை வேண்டாம்.

பன்னிரண்டு என்பது எட்டில் ஒரு பங்கு. தாய் தகப்பன் பாதி, பாட்டன் பாட்டி கால், பூட்டன் பூட்டி அரைக்கால். இதை எட்டாம் வகுப்புப் பெண் கரும்பலகையில் போடுவாள். ரீஷாவின் தாய் ஸபா. ஸபாவின் தாய் ஹலீபா. இந்தத் தாய்கள் எல்லாருக்கும் ஜோடி வந்தது அபூ மிஷாலின் கொட்டகையிலிருந்து, அங்கே பழுதில்லை. ஆகவே பழுது ஹலீபாவின் தகப்பனிடம்.

ஹலீபாவைப் பெற்றவள் தர்ஃபா. பிரசவத்தில் தர்ஃபா செத்துப்போனாள், பிழைத்தது ஒரே குட்டி. உன் பெரியப்பா அதற்குப் புட்டியில் பால் கொடுத்துக் காப்பாற்றினார். அதனால்தான் பாலின் பெயரையே வைத்தார். கழுத்து கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, "தாய்ப்பால் இல்லாம வளர்ந்தது, புட்டிப்பால் கழுத்து அப்படித்தான் இருக்கும்" என்றார். நம்பினேன். அவர் என்னிடம் அதுவரை பொய் சொன்னதில்லை.

ஹலீபா பிறந்தது 1998 ஆகஸ்ட் நடுவில். அறுபத்து மூன்று நாள் பின்னால் போனால் ஜூன் நடுவாரம். அந்த வாரம் நான் பித்தப்பைக் கல்லுக்காக அம்மானில் மருத்துவமனையில் படுத்திருந்தேன். உன் பெரியப்பா என் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார்.

கொட்டகைச் சாவி யார் கையில் இருந்தது என்று நான் கேட்கவில்லை.

ஜூன் பத்தாம் தேதி அபூ மிஷால் வருகிறார். கோப்பை காலியாகி ஏழு மாதம் ஆகிறது.

ரஹீல் அதல்லா


காஸல்
19 மே 2017

பெரியம்மா,

உங்கள் உடல்நலத்தை விசாரிக்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் விசாரிக்கிறேன்.

சாவி என் கையில் இருந்தது.

எனக்குப் பத்தொன்பது வயது. பெரியப்பா மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "இல்யாஸு, தர்ஃபாவைப் பார்த்துக்க. நாலு நாள்தான். நான் வந்து அபூ மிஷால்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றார். மூன்று நாள் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் உலகக்கோப்பை ஆட்டம். முனைக் காப்பிக்கடையில் பெரிய தொலைக்காட்சி வைத்திருந்தார்கள். பாதி ஆட்டம் மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். தகரக் கதவைச் சாத்தினேன். பூட்டினேனா என்று இன்றுவரை நினைவில்லை. முழு ஆட்டமும் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது காதறுத்த நாய் ஒன்று கொட்டகையிலிருந்து வெளியே வந்தது. என்னைப் பார்த்து அது ஓடக்கூட இல்லை.

தர்ஃபாவைக் கழுவினேன். தரையைக் கழுவினேன். கதவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினேன். மறுநாள் பெரியப்பா வந்து, தர்ஃபாவை உம்முர் ரஸாஸுக்குக் கூட்டிப்போனார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் உங்களைப் பற்றிய கவலையில் இருந்தார், அதையே சாக்காக எடுத்துக்கொண்டேன். தர்ஃபா சாகும்போது அவள் தலை என் மடியில் இருந்தது. செப்டம்பரில் இங்கே வந்துவிட்டேன். குட்டியின் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அவரைக் கஞ்சன் என்று ஊர் சொன்னது என்று நீங்கள் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு ஆறு வாரம் பதில் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பெட்டி அனுப்பாமல் இருந்ததும் முடிவை மறைத்ததும் அதனால்தான். நீங்கள் கடவுளைச் சாட்சி வைத்துப் பொய் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில்தான் கடைசியில் அனுப்பினேன்.

அபூ மிஷாலிடம் என் பெயரைச் சொல்லுங்கள். ஊரிலும் சொல்லுங்கள்.

இல்யாஸ்


மாதபா
18 ஜூன் 2017

என் மகன் இல்யாஸுக்கு,

உனக்கும் வீட்டில் எல்லாருக்கும் சமாதானமும் சுகமும் பெருகட்டும். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. காக்க வைத்ததற்குக் காரணம், நடந்து முடியாததை எழுத எனக்குப் பிடிக்காது.

பத்தாம் தேதி அபூ மிஷால் வந்தார், தன் இரண்டு மகன்களோடு. ரமலான் மாதம் என்பதால் சூரியன் மறைந்து நோன்பு திறந்த பிறகு, தயிரில் வெந்த ஆட்டுக்கறியும் சோறுமாக மன்சஃப் பரிமாறினேன். தயிர் சரியாகப் புளித்திருந்தது, அதை எழுதாமல் விட மனமில்லை. காப்பி ஊற்றினேன். பால் நிறக் குட்டியைக் கொண்டு வந்து அவர் மடியில் விட்டேன். விட்ட கையை எடுக்காமல் சொன்னேன்.

"அபூ மிஷால், இதோட தாய் ரீஷா. அவ தாய் ஸபா. அவ தாய் ஹலீபா. ஹலீபாவோட தகப்பன் உங்க நாய் இல்ல. மேய்ப்பன் நாய். காகிதம் இருக்கு, படிச்சுக் காட்டறேன். கலப்பில்லன்னு என்னால சொல்ல முடியாது. வேண்டாம்னா எனக்கு வருத்தமில்ல."

மகன்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். அபூ மிஷால் குட்டியின் காதை மடக்கிப் பார்த்தார், அது அவர் விரலைக் கடித்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"இதைச் சொல்றதுக்கு ஜெர்மனில இருந்து காகிதம் வரணுமா, உம்மு இல்யாஸ்? ஹலீபாவுக்கு ஆண் நாய் கேக்க வந்தப்பவே அபூ இல்யாஸ் எங்கிட்ட சொல்லிட்டானே!"

குட்டியின் மேலிருந்த கையை எடுத்தேன்.

"என்ன சொன்னார்?"

"'என் கொட்டகைத் தாழ்ப்பாளை நான் சரியாப் போடல. என் தப்பு. குட்டில பழுது இருக்கு. உனக்குச் சொல்லாம உன் நாயைக் கேக்க மாட்டேன்'னான். எங்க அப்பா அப்ப உயிரோட இருந்தாரு. 'தர்ஃபா வழில இது ஒண்ணுதான் மிச்சம், அத்துப்போக விடாதே. மூணு தாய் தாண்டட்டும், அதுவரைக்கும் யாருக்கும் குடுக்காதே. நாலாவது தலைமுறைக் குட்டியை நாங்களே வந்து கேப்போம்'னாரு. ஹலீபா, ஸபா, ரீஷா. மூணு தாண்டியாச்சு. கேக்க வந்தேன். நீங்க குடிக்கச் சொன்னீங்க."

அப்படியானால் உன் பெரியப்பா கஞ்சன் இல்லை, இல்யாஸ். உறுதிமொழி சொல்ல முடியாததால் கொடுக்காமல் இருந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம் காரணம் சொல்ல முடியாததால் கஞ்சன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நானும் ஒரு தடவை அந்தச் சொல்லை அவரிடம் சொல்லியிருக்கிறேன். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று அபூ மிஷாலிடமே கேட்டேன், வேறு யாரிடம் கேட்பது?

"நானும் கேட்டேன். 'அவ கணக்கு டீச்சர். தேதியைக் கூட்டிக் கழிச்சுப் பார்த்துடுவா'ன்னான். பார்த்தா என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல."

எனக்கு விளங்கியது: கணக்கு போட்டால் விடையாக நீ வருவாய். அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. தாழ்ப்பாளை நான்தான் சரியாகப் போடவில்லை என்று உன் பெரியப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைத் திருத்த நான் யார்?

போகும்போது அபூ மிஷால் வாசலில் நின்று, "ரீஷாவோட அரைக்கால் பங்கு இதுகிட்ட எங்க வந்திருக்குன்னு காகிதத்துல போட்டிருக்கா? ஓடுற கால்லயா, கடிக்கிற பல்லுலயா?" என்று கேட்டார். "பல்லுல" என்றேன். விரலைக் காட்டினார், ரத்தம் துளிர்த்திருந்தது. குட்டிக்கு தர்ஃபா என்று பெயர் வைத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் ஞாயிறு. ஜிர்யஸ் கோவில் வாசலில் காத்திருந்தான்.

"என்ன அண்ணி, காகிதம் வந்துச்சா?"

"வந்துச்சு. ரீஷால எட்டுல ஒரு பங்கு மேய்ப்பன் நாய். அபூ மிஷால்கிட்ட சொல்லித்தான் குடுத்தேன். வாங்கிட்டுப் போனாரு."

"நான் அப்பவே சொன்னேன்ல!"

"சொன்னே. நீ சொன்னதுதான் சரி. உங்க அண்ணன் கஞ்சன் இல்லன்னு ஆச்சுல்ல, அதையும் இப்ப சத்தமாச் சொல்லு."

பாவம், சொன்னான். நல்ல சத்தமாகவே சொன்னான். ஏழெட்டுப் பேர் கேட்டார்கள், அதில் இருவர் தலையில் அடித்துக்கொண்டார்கள். எப்படி நடந்தது என்று விசாரித்தார்கள். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்றேன்.

"சரி, என் சுல்தானோடது?" என்றான் ஜிர்யஸ். அந்த நாய் அவன் காலடியில் படுத்து அவன் செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மனைவி போன பிறகு அவன் பேசுவதைக் கேட்க வீட்டில் அது ஒன்றுதான் இருக்கிறது.

"அது தபால்ல தொலைஞ்சு போச்சு" என்றேன்.

காகிதம் என் மேஜை இழுப்பறையில், ஜெபப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு அவர் தனியாக யாரிடமாவது பாவசங்கீர்த்தனம் செய்யட்டும். ஜிர்யஸ் என்றைக்காவது சுல்தானின் குட்டி ஒன்றைக் கொடுக்கக் கிளம்பினால் அன்று எடுத்துக் காட்டுவேன். அதுவரை அது தூங்கட்டும்.

இப்போது உன் விஷயம். உன் பெரியப்பா அடக்கத்துக்கு வந்தபோது மூன்று நாள் இருந்தாய், ஒரு தடவைகூடக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. துக்கம் என்று நினைத்தேன்.

செப்டம்பர் நடுவில் ரீஷாவுக்கு மறுபடி பருவம் வரும். பன்னிரண்டு நாள் காவல் வேண்டும். என் முழங்காலால் இனி வாளி தூக்க முடியாது. ஜிர்யஸ் வருகிறேன் என்கிறான், அவன் அந்த மேய்ப்பன் நாய்களுக்கே உபதேசம் செய்வான். ஆகவே நீ வர வேண்டும். ஹெல்காவையும் மரியமையும் கூட்டி வா. மரியமுக்கு மாடி அறையைச் சுண்ணாம்பு அடித்து வைக்கிறேன். மீதமிருக்கும் மூன்று குட்டிகளும் செருப்புக்குப் பஞ்சமில்லாமல் வளர்கின்றன, அவளுக்கு வேலை இருக்கும்.

இந்தச் செப்டம்பரில் உலகக்கோப்பை எதுவும் இல்லை. விசாரித்துவிட்டேன்.

தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டாயிற்று. சாவியைக் கழுத்திலிருந்து கழற்றி, உன் பெரியப்பா அடித்த ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன். வந்ததும் எடுத்துக்கொள்.

உன் பெரியம்மா,
உம்மு இல்யாஸ்